முத்திரை குத்திய சீட்டு

“உங்க பட்டுச் சிபாவ் கவுனைத் தொலைச்சது எங்க தப்புதான். அதுக்காக எட்டாயிரம் தைவான் டாலரா?” தைனான் நகரச் சலவைக்கடைக்காரர் ஹௌ சிரித்தார். “மட்டமான தையல் அக்கா அது. ஐநூறு கூடப் பெறாது.”

யூன்ஷியா கோபத்தை விழுங்கிக்கொண்டாள். “அதையே எழுதி முத்திரை குத்திக் குடுங்கண்ணே.”

விட்டால் போதுமென்று எழுதி, பெயர் முத்திரையைச் சிவப்பு மையில் தோய்த்து அழுத்திக் குத்தினார். அவள் மையை ஊதி உலர்த்திக்கொண்டு கிளம்பினாள்.

“எங்க போறீங்கக்கா?”

“தைச்சவங்ககிட்ட. மட்டமா தைச்சதுக்குக் கூலியைத் திருப்பிக் கேக்க வேணாமா?”

“பேஷா கேளுங்க! யாரு தைச்சது?”

“கோயில் தெருவுல தையல்கடை வச்சிருக்காங்களே, உங்க சம்சாரம்!”

ஹௌவின் கை கல்லாவுக்குத் தாவியது. எட்டாயிரத்தையும் எண்ணி அவள் கையில் திணித்தார்.

“அந்தச் சீட்டைக் கிழிச்சிடுங்கக்கா... தங்கமான தையல்!”