சீல் சாரின் கறார்

"போர்டைக் கழட்டு."

வாசலில் நின்றபடியே சொன்னார் சீல் சார்.

சலூன்காரர் கையில் கத்தரிக்கோல் அப்படியே நின்றது. பாதி வெட்டிய தலையோடு வாடிக்கையாளரும் திரும்பிப் பார்த்தார்.

சீல் சார் நகராட்சி இன்ஸ்பெக்டர். புது லைசென்ஸ் சட்டம் வந்ததிலிருந்து ஒவ்வொரு சலூனாகப் பூட்டி அரக்குச் சீல் வைத்துக்கொண்டிருக்கிறார். முடி வெட்டுவதற்குத் தீயணைப்புத் துறையிடம் ஒரு சான்று, குடிநீர் வாரியத்திடம் ஒரு சான்று, கட்டட என்ஜினீயரிடம் ஒரு சான்று வேண்டுமாம். அத்தனையும் வாங்கி முடிப்பதற்குள் வெட்ட வேண்டிய தலையெல்லாம் வழுக்கையாகிவிடும். தெருவில் மற்ற சலூன்களை மூடியாயிற்று. பாக்கி இது ஒன்றுதான்.

"போர்டு என்ன சார் தப்பு பண்ணுச்சு? என் சம்சாரம் கையால எழுதினது."

"கழட்டுன்னா கழட்டு."

யார் யார் கடையிலோ கூலிக்கு வெட்டி, போன வருஷம்தான் சொந்தமாகத் திறந்த கடை. இன்னொரு நாற்காலி போட்டு ஓர் ஆளையும் வைத்துக்கொள்ளலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் கணக்குப் போட்டிருந்தார்கள். போர்டை இறக்கும்போது அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூக்கு சிவந்திருந்தது.

அடுத்த வாரம் சீல் சார் மறுபடி வந்தார். தலையில் எப்போதும் போடும் தொப்பி, கையில் ஸ்பேனர்.

"நாற்காலியை ஏன் தரையோட சேர்த்து முடுக்கியிருக்கே? போல்ட்டை எடு."

"எடுத்தா ஆடும் சார்!"

"ஆடட்டும்."

ஆடியது. உட்கார்ந்தவர் தும்மினால் நாற்காலியும் நகர்ந்தது. இவர் வெட்ட, அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. கிருதா ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிப் போன ஒருவர், இதுதான் இப்போது ஃபேஷன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மூன்றாம் தடவை பெஞ்சு.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. காத்திருக்கிறவங்க யாரும் உள்ளே உட்காரக் கூடாது."

வாடிக்கையாளர்கள் எதிர்ச் சுவரில் ஏறி உட்கார்ந்து சீல் சாரைத் திட்டினார்கள். நன்றாகவே பொழுது போனது. சலூன்காரர் வீட்டில்தான் சோறு இறங்கவில்லை.

"சீல் வைக்கிறதுன்னா ஒரேயடியா வச்சுட்டுப் போக வேண்டியதுதானேங்க? இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாவா சாகடிக்கணும்?" என்றாள் மனைவி.

"பெரிய ஆபீசர் ஒருநாள் வராமலா போவாரு? அன்னிக்கு இந்த ஆள் வண்டவாளத்தைத் தண்டவாளத்துல ஏத்துறேன் பாரு."

பெரிய ஆபீசர் வந்தே விட்டார். காரிலிருந்து இறங்கும்போதே, "இந்தத் தெருவுல இன்னும் ஒரு சலூன் ஓடுதாமே? எங்கே பூட்டு, எங்கே அரக்கு?" என்றார். பின்னாலேயே சீல் சார், தொப்பியும் தானுமாக.

கடை எப்படியும் போகப்போகிறது, மனசில் இருப்பதையாவது கொட்டிவிடலாம் என்று சலூன்காரர் முன்னால் வந்தார்.

"சீல் வைங்கய்யா, வேண்டாங்கலை. ஆனா இவர் பண்ணின அநியாயத்தைக் கேளுங்க. போர்டைப் பிடுங்கிட்டார்!"

ஆபீசர் அண்ணாந்து பார்த்தார். "போர்டு இல்லையா?"

"நாற்காலி போல்ட்டைக் கழட்டிட்டார்!"

ஆபீசர் நாற்காலியைக் காலால் தள்ளினார். அது கிரீச்சென்று நகர்ந்தது.

"நாலு பேர் உட்கார ஒரு பெஞ்சு இருந்துச்சுய்யா. அதைக்கூட இவர் விட்டுவைக்கலை!" என்றாள் மனைவி.

ஆபீசர் முகம் சுருங்கிவிட்டது. சீல் சார் பக்கம் திரும்பினார்.

"உன் கறாருக்கு ஓர் அளவே கிடையாதாய்யா? சட்டப்படி சலூன்னா பேர் போட்ட போர்டு இருக்கணும், தரையில பதிச்ச நாற்காலி இருக்கணும், காத்திருக்க இடம் இருக்கணும். எல்லாத்தையும் பிடுங்கிட்டியே! இது இப்போ சலூனே இல்லை. இல்லாத சலூனுக்கு எப்படிய்யா சீல் வைக்கிறது?"

"அதானே சார்," என்றார் சீல் சார், பவ்யமாக.

ஆபீசர் கார்க் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போய்விட்டார். எதிர்ச் சுவரிலிருந்து ஒரு விசில் பறந்தது.

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது அவள்தான். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எல்லாம் தெரிஞ்சேதான் பண்ணினீங்களா சார்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா இந்த ஆத்திரம் வருமாம்மா? உன் வீட்டுக்காரர் வயிறெரிஞ்சு கத்தினதுலதான் ஆபீசர் நம்பினார்." பிறகு சலூன்காரரிடம், "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கப்பா. இன்னொரு நாற்காலி, வேலைக்கு ஆள்னு ஆசைப்படாதே. வளர்ந்தா நீ கடையாயிடுவே. கடையாயிட்டா நான் அரக்கோட வரணும்," என்றார்.

சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. மெல்லத் தொப்பியைக் கழற்றினார்.

உள்ளே காடு. காதை மூடிக் கழுத்தில் இறங்கியிருந்தது முடி.

"இந்தத் தெருவுல மத்த சலூனையெல்லாம் நானே பூட்டிட்டேன். அதுக்கப்புறம்தான் சட்டத்தை முழுசாப் படிச்சேன். பூட்டினவன் எந்த மூஞ்சியோட போய் யார்கிட்ட தலையைக் குனியறது?"

ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்தார். சிரித்துக்கொண்டே அவள் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டாள். சலூன்காரர் துண்டை உதறிப் போர்த்தினார்.

"சீக்கிரம் வெட்டுப்பா. அடுத்த தெருவுல இன்னும் ரெண்டு கடை இருக்கு. ஆபீசர் அங்கே போறதுக்குள்ள நான் போய் போர்டைப் பிடுங்கணும்."