‘நீ’ சொல்ல வேண்டியவன்

மான்சு குனிந்து வணங்கிவிட்டு நிமிர்ந்தபோதுதான் இன்சோப் அவன் முகத்தைச் சரியாகப் பார்த்தான்.

அவனேதான்.

கொஞ்சம் சதை போட்டிருந்தான். தலைமுடியை நாகரிகமாக வளர்த்திருந்தான். கண் மட்டும் ஒன்பது வருடத்துக்கு முன்பு இருந்த அதே கண்.

தங்கை சோரான் கட்டிக்கொள்ளப்போகிறவனின் பெயர் மான்சு என்று ஒரு மாதமாகத் தெரியும். இந்தக் குன்சான் ஊரிலேயே பத்து மான்சு இருப்பார்கள் என்று இன்சோப் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தான். நாட்டில் இருக்கிற அத்தனை மான்சுகளிலும் அவள் இவனைத்தான் கண்டுபிடித்துக் கூட்டி வந்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். தாழ்ந்த மேஜையில் அம்மா விடியற்காலையிலிருந்து வேகவைத்த மாட்டு விலா எலும்பிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. மான்சு சம்மணம் போடாமல் முழங்காலிலேயே உட்கார்ந்தான்.

"அண்ணே, நான் உங்களைவிட மூணு வயசு சின்னவன். என்னை நீன்னே சொல்லுங்க. அப்பதான் எனக்கும் வீட்டுப் பையன் மாதிரி இருக்கும்."

அம்மா பூரித்துப்போனாள்.

அப்பா இல்லாத வீடு. மூத்தவன் ஒரு தரம் ‘நீ’ என்று சொல்லிவிட்டால் பெண்ணைக் கொடுத்ததாகத்தான் கணக்கு. பிறகு தேதியும் மண்டபமும்தான் பாக்கி.

அந்த நாட்டில் ‘நீ’ என்ற சொல் லேசில் வாயில் வராது. ஒரே வருடத்தில் பிறந்தவர்கள்கூட வயதைக் கேட்டு உறுதிசெய்துகொண்டுதான் சொல்வார்கள். முன்பின் தெரியாதவனைச் சொன்னால் நடுத்தெருவில் சட்டையைப் பிடிப்பான். ஆண்கள் எல்லாரும் போயாக வேண்டிய ராணுவத்தில் மட்டும் வயது செல்லாது. முதலில் சேர்ந்தவன் பெரியவன், அவ்வளவுதான்.

இன்சோப் படிப்பை முடித்துவிட்டு இருபத்தைந்தில் போனான். மான்சுவுக்கு அப்போது இருபத்திரண்டு. ஆனால் பத்து மாதம் முன்னால் வந்தவன்.

அந்த ராணுவ முகாமில் இன்சோப்புக்குப் பெயர் கிடையாது. ‘நீ’ என்றால் அவன்தான். மான்சு வாயிலிருந்து அந்தச் சத்தம் கிளம்பினால் முதலில் வயிற்றுக்குத்தான் கேட்கும், காதுக்கு அப்புறம்தான். அந்தக் காதில் ஒன்று இன்றைக்கும் பாதிதான் வேலை செய்கிறது. நீச்சலில் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறான். வேறென்ன சொல்வது, மூன்று வயது சின்னவனிடம் அடிவாங்கினேன் என்றா?

"என்னடா, வாயில கொழுக்கட்டையா? புள்ள எவ்வளவு நேரம் முட்டிபோட்டு உக்காந்திருப்பான்?" என்றாள் அம்மா.

சோரான் அண்ணனைப் பார்த்தாள். உடனே மான்சுவைப் பார்த்தாள். பிறகு தன் தட்டைப் பார்த்தாள்.

சொல்ல மாட்டேன் என்று இன்சோப் முடிவு செய்தான். அந்தச் சொல் வராதவரை இவன் இந்த வீட்டுக்கு அந்நியன். தங்கை தங்கையாகவே இருப்பாள். மறுப்பதற்கு இதைவிட நாசூக்கான வழி இல்லை.

"இல்லைங்க. நீங்கன்னே இருக்கட்டும்."

சொன்ன பிறகுதான் தன் குரல் காதில் விழுந்தது. மறுப்பு மாதிரி இல்லை. பத்து மாதம் தினமும் இவன் முன்னால் நின்று பதில் சொன்ன அதே குரல். முதுகுகூடத் தானாக நிமிர்ந்திருந்தது. அவமானத்தில் அவனுக்குக் காது மடல் சுட்டது.

"என் புள்ள ரொம்பக் கூச்சக்காரன், தப்பா நினைச்சுக்காதீங்க" என்று சிரித்துக்கொண்டே அம்மா சூப் எடுத்துவர எழுந்தாள். சோரானும் பின்னாலேயே போனாள்.

மேஜையில் இரண்டு பேர்தான்.

மான்சு மதுப்புட்டியை எடுத்தான். சின்னவன் ஊற்றவேண்டிய முறைப்படி, இரண்டு கையாலும் பிடித்து, தலையைத் தாழ்த்தி, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினான். சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்தால் தங்கமான பையன் என்றுதான் தோன்றும்.

"நீ மாறவே இல்லடா," என்றான் மெதுவாக. "உன் தங்கச்சியும் உன்னை மாதிரியேதான்."

கோப்பை நிறைந்தது. இன்சோப் அதைத் தொடவில்லை. தன்னைச் சொன்னதை விழுங்கிவிடலாம், விழுங்கிப் பழகிய தொண்டைதான். தங்கையைச் சொன்னது உள்ளே இறங்க மறுத்தது.

அம்மா சூப் கிண்ணங்களை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். சோரான் மான்சுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். யாரும் இன்னும் கரண்டியை எடுக்கவில்லை.

இன்சோப்புக்கு உள்ளுக்குள் பயம்தான். பாழாய்ப்போன பயம், முப்பத்து நான்கு வயதிலும் விட்டபாடில்லை. ஆனாலும் மான்சுவின் கண்ணை நேராகப் பார்த்தான். வீட்டைவிட்டு வெளியே போ என்று முழுதாகச் சொல்லத்தான் நினைத்தான். இரண்டு சொல்தான் வந்தது. குரல் மட்டும் நன்றாகவே வந்தது.

"நீ எந்திரி."

மான்சு அசையவில்லை.

எழுந்தவள் சோரான்.

அண்ணன் யாரைப் பார்த்துச் சொன்னான் என்று அவள் பார்க்கவேயில்லை. கிண்ணம் தட்டி சூப் சிந்தியது, அதையும் பார்க்கவில்லை. குதிகால்களைச் சேர்த்து, முஷ்டிகளைத் தொடையோடு ஒட்டி, எதிர்ச்சுவரைப் பார்த்தபடி விறைத்து நின்றாள்.

அப்படி நிற்க இன்சோப்புக்கு எவன் கற்றுக்கொடுத்தானோ, அவன்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். சோரான் ராணுவத்துக்குப் போனவள் இல்லை.

"என்னடி ஆச்சு உனக்கு? உக்காரு," என்றாள் அம்மா.

சோரான் உட்காரவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மான்சு கரண்டியை எடுத்தான். ஒரு வாய் சூப் குடித்தான். ருசித்துப் பார்ப்பதுபோல் கொஞ்சம் நிதானித்தான்.

"உக்காரு," என்றான், தலையைத் தூக்காமல்.

அவள் உட்கார்ந்தாள்.