மேலே இருக்கவேண்டிய தந்தி

இராசநாயகம் பேஸ் கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுத்து மடியில் வைத்தான். தந்திகளையே மேலும் கீழுமாகப் பார்த்தான்.

விலையைக் குறைக்கப்போகிறான் என்று நினைத்தேன்.

யாழ்ப்பாணத்தில் இசைக்குழு வைத்திருப்பவன் அவன். காலை பஸ்ஸில் புங்குடுதீவுக்கு வந்து இறங்கியிருந்தான். கடிதம் போட்டு வரச்சொன்னவன் நான்தான். என் மகன் சிவபாதம் நயினாதீவுக் கோயிலுக்குப் போகும் நாளாகப் பார்த்து வரச்சொன்னேன். பின்னேர லோஞ்சுப் படகில் அவன் திரும்புவதற்குள் அவனுடைய கிட்டார் வீட்டைவிட்டுப் போய்விடவேண்டும்.

விடிந்தால் அவனுக்குக் கொழும்புப் பயணம். அங்கே ஒரு ஹோட்டலில் வாசிக்கிற குழுவில் இடம் கிடைத்திருக்கிறதாம். சங்கக்கடை வேலையைக்கூட விட்டுவிட்டான். கையில் கிட்டார் இல்லாமல் போய் நிற்பவனை எந்தக் குழு சேர்க்கும்? போகமாட்டான்.

அவன் வாசிப்பான் என்பதையே நான் நம்பியதில்லை. சின்ன வயதில் நெருப்புப் பட்டு, இடக்கையில் மூன்று விரல் மடங்கியபடியே நின்றுவிட்டவன் அவன். அறைக்கதவைச் சாத்திவிட்டு அதை வைத்துக்கொண்டு இருப்பான். கரண்ட் இல்லாமல் அது வெளியே கேட்காது. கொழும்பில் வேறு ஏதோ இருக்கிறது, இது வெறும் சாட்டு என்றுதான் நினைத்திருந்தேன்.

“வடிவாய்த்தான் வைச்சிருக்கிறார்” என்றான் இராசநாயகம். “இந்த உப்புக் காத்துக்குள்ளை தந்தியிலை ஒரு பொட்டுத் துரு இல்லை.”

சிவபாதம் அதை நாள் தவறாமல் துணியால் துடைப்பான். ஈரம் பிடிக்காமல் இருக்கப் பெட்டிக்குள் கரித்துண்டுகளை முடிச்சுக் கட்டி வைத்திருப்பான். அந்த முடிச்சை நான் இரண்டு தரம் எடுத்து எறிந்திருக்கிறேன். மறுபடி கட்டி வைத்தான்.

இராசநாயகம் விரலால் தந்திகளைத் தடவினான்.

“ஐயா, இது எல்லாம் மறுவளமாய்க் கிடக்கு. தடிச்ச தந்தி மேலை இருக்கவேணும். இதிலை கீழை நிக்குது.”

“அதைச் சொல்லித்தான் விலையைக் குறைக்கப்போறீரோ?”

அவன் சிரித்தான். பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினான். தோள் வார் கொளுவும் ஆணியைக் கழற்றி கிட்டார் உடம்பின் மற்றப் பக்கத்துக் கொம்பில் இறுக்கியிருந்தது. பழைய துளை மரச்சீவலால் அடைபட்டிருந்தது. கழுத்தின் உச்சியில் தந்திகள் ஏறி இருக்கும் சின்ன எலும்புத்துண்டையும் பெயர்த்து, திருப்பி ஒட்டியிருந்தது.

“இது இடக்கைக்காரனுக்குப் பூட்டினது.”

“என்ரை வீட்டிலை இடக்கைக்காரர் இல்லை” என்றேன்.

ஐந்து வயதில், கோயிலில் ஐயர் திருநீறு தரும்போது சிவபாதம் இடக்கையை நீட்டினான். ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. அந்தப் பழக்கத்தை நான் அன்றைக்கே நிறுத்தியாயிற்று.

“இல்லையெண்டு சொல்லாதேங்கோ” என்றான் இராசநாயகம். “வலக்கையாலை கழுத்தைப் பிடிச்சு, இடக்கைப் பெருவிரலாலை மட்டும் தட்டியிருக்கிறார். இஞ்சை பாருங்கோ, மற்ற விரலுகளிலை மூண்டு மடிஞ்சபடி ஒரே இடத்திலை உரசியிருக்கு. சாதாரணக் கிட்டார் எண்டால் இந்தக் கையாலை ஏலாது. பேஸுக்குப் பெருவிரல் ஒண்டே காணும். யோசிச்சுத்தான் வாங்கியிருக்கிறார்.”

குனிந்து பார்த்தேன். சிவப்புப் பூச்சு தேய்ந்து பலகை தெரிந்தது. பக்கத்தில் பக்கத்தில் மூன்று தழும்பு. எவ்வளவு காலம் உரசினால் அப்படி வரும் என்று தெரியவில்லை.

கதவைச் சாத்திக்கொண்டு இதைத்தான் செய்திருக்கிறான்.

“விக்கிறது மகனுக்குத் தெரியுமோ?”

“அவன்தான் விக்கச் சொன்னவன்.”

இராசநாயகம் என் முகத்தைப் பார்த்தான். நம்பினானோ என்னவோ, கிட்டாரை மடியிலிருந்து இறக்கவில்லை.

“வாசிச்சுப் பாக்காமல் காசு தர ஏலாது, ஐயா. இந்த எலும்பைக் கழட்டித் திருப்பிப் போட்டு, தந்தியையும் மாத்தினால் வலக்கைக்கு வந்திடும். பசைதான் இறுகிக் கிடக்கு. ஒரு இரும்பைச் சுடவைச்சுத் தாங்கோ. கொஞ்சம் சூடு காட்ட இளகும்.”

“பிறகு?”

“பிறகென்ன, இடக்கைக்கு இருந்ததெண்டே ஆருக்கும் தெரியாது.”

அது எனக்குப் பிடித்திருந்தது.

எழும்பிக் குசினிக்குப் போனேன். என் மனைவி இலட்சுமிப்பிள்ளை மகன் கொழும்புக்குக் கொண்டுபோகப் பயற்றம் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். யார் வந்திருக்கிறார்கள், எதற்கு வந்திருக்கிறார்கள் என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை. அவள் என்னிடம் கேட்டுப் பழகினவளும் இல்லை.

தோசை திருப்பும் இரும்புத் தட்டகப்பை சுவரில் கொளுவியிருந்தது. எடுத்து, காம்புப் பக்கத்தை அடுப்புக்குள் செருகினேன். சிவந்து வரட்டும் என்று பக்கத்தில் குந்தினேன்.

சட்டியில் பணியாரம் கருகி மணத்தது. அவள் அதைத் திருப்பவில்லை. காம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை நான் நெருப்பில் வைத்து இருபது வருசத்துக்கு மேல்.

அவளுடைய இரண்டு கையும் சேலைத் தலைப்புக்குள் போயின.

“இப்ப ஆருக்கு?” என்றாள்.

“கிட்டாருக்கு” என்றேன். “அதுக்கும் இடக்கைப் பழக்கமாம்.”