அம்மாவின் பங்கு

“இந்த வாரப் பணம் எங்கே போச்சு, சொல்லு.”

அம்மா மூன்றாவது தடவையாகக் கேட்டாள். மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“தீர்ந்து போச்சும்மா.”

“தானாத் தீர்ந்துபோக அது என்ன எண்ணெயா? எதுல தீர்ந்துச்சு?”

“சும்மா… தின்னதுல.”

லிஃப்ட் ரிப்பேர் வேலையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த அப்பா, நகத்திடுக்கில் கிரீஸோடு ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றாலே இப்போதெல்லாம் வீடு போலீஸ் ஸ்டேஷன் மாதிரி ஆகிவிடுகிறது.

ஏற்பாடு என்னவோ நல்ல ஏற்பாடுதான். பதினாறு வயது மகளுக்கு ஓட்டைக் கை. காலையில் கொடுத்தது சாயங்காலம் இருக்காது. மாதம் ஒரு போன் உறை, ஊதா நிறத்திலேயே நாலு பேனா. அதனால் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். வாரக் கைச்செலவில் மகள் எவ்வளவு மிச்சம் பிடிக்கிறாளோ, அதே அளவு அம்மாவும் தன் பங்காகப் போடுவாள். ஞாயிறு சாயங்காலம் இருவரும் சேர்ந்து, அலமாரி மேலிருக்கும் இரும்புப் பெட்டியின் துவாரத்தில் போட வேண்டும். சாவி அம்மாவிடம். வருஷக் கடைசியில் திறந்து, மகளின் ஓவியப் படிப்புக்குப் பழைய லேப்டாப் ஒன்று வாங்குவதாகப் பேச்சு.

ஆறு மாதம் ஜோராக நடந்தது. மகள் பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே பள்ளிக்கூடம் போனாள். போன் உறை கிழிந்து தொங்கியது, மாற்றவில்லை. தையல் கம்பெனியில் பக்கத்து மெஷின்காரியிடம் மகள் பெருமை பேசிப் பேசி அம்மாவுக்கு நாக்கு தேய்ந்தது.

அப்புறம் யார் கண் பட்டதோ, ஆறு வாரமாக மகள் வெறும் கையோடு வந்து நிற்கிறாள். ஒரு வாரம் சிநேகிதி பிறந்தநாள் என்றாள். ஒரு வாரம் தொலைந்துவிட்டது என்றாள். இன்றைக்குத் தின்றுவிட்டாளாம்.

“இந்த மகாராணிக்கு இனிமே வாரப் பணம் கிடையாது” என்று அம்மா முடிவு சொன்னாள்.

மகளின் முகம் வெளுத்தது. என்ன வேண்டுமானாலும் திட்டு, ரெண்டு அடிகூட அடி, பணத்தை மட்டும் நிறுத்தாதே என்று கெஞ்சினாள். அப்பாவுக்கே கூசிப்போனது. ஆறு வாரம் ஊதாரியாகத் திரிந்துவிட்டு, இன்னும் கொடு என்று கேட்க எப்படி வாய் வருகிறது?

“வாரா வாரம் இந்தப் பஞ்சாயத்து வேணாம்” என்று எழுந்தார். “பெட்டியைத் திற. இருக்கிறதை எண்ணுவோம். என்ன வருதோ அதை வாங்கிக் கொடுத்துட்டு ஆளை விடு.”

“வேணாம்.”

அம்மாவும் மகளும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

சாவியை எங்கேயோ வைத்துவிட்டதாக அம்மா முணுமுணுத்தாள். அதுவரை இருந்த கோபம் எங்கே போனதோ, துணி காய்ந்திருக்கும் என்று விறுவிறுவென்று மொட்டைமாடிக்கு ஏறிவிட்டாள். வைத்த இடம் மறப்பது அவளுக்கு வழக்கம், போகட்டும். மகள் ஏன் பதறுகிறாள்? அப்பாவின் மனசில் முள் குத்தியது. கைச்செலவு போதாமல் பெட்டியிலும் கை வைத்துவிட்டாளோ?

கையை இன்னொரு தடவை சோப்புப் போட்டுக் கழுவக் குளியலறைக்குப் போனவர், அறைக்குள் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டுத் திரும்பி வந்தார்.

மகள் நாற்காலி மேல் ஏறி நின்றாள். ஒரு கை பெட்டியைப் பிடித்திருந்தது. இன்னொரு கையின் விரல் துவாரத்தில்.

எட்டிப் போய் மணிக்கட்டைப் பிடித்தார்.

“எத்தனை நாளா நடக்குது இது?”

“அப்பா, கத்தாதீங்க. அம்மாவுக்குக் கேட்டுடும்.”

“கேட்கட்டும். பெத்தவங்க பாடுபட்டுச் சேர்த்ததை உள்ளேயிருந்து உருவுறியே, உனக்கு வெட்கமா இல்ல?”

அவள் விரலை எடுத்தாள். நாலாக மடித்த நோட்டு ஒன்று, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகத் துவாரத்தில் நின்றது. அவள் நகத்தால் ஒரு தள்ளு தள்ளினாள். உள்ளே விழுந்தது.

அப்பா பிடித்த கையை விட மறந்துவிட்டார்.

“போடுறியா? அப்போ எல்லாம் செலவாயிடுச்சுன்னு ஏன் சொன்னே?”

மகள் மாடிப்படிப் பக்கம் காதைக் கொடுத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். மிச்சம் இருக்கிறது என்று சொன்னால் அம்மாவும் அதே அளவு போட்டாக வேண்டும். கம்பெனியில் ஓவர்டைம் நின்றதிலிருந்து அம்மாவால் போட முடியவில்லை.

“போட்டுட்டுத்தானே இருந்தா? நானே பார்த்தேனே” என்றார் அப்பா.

“போட்டா. ஒரு தடவை அம்மா போட்ட நோட்டு கிழிஞ்சு, டேப் ஒட்டியிருந்துச்சு. அந்த டேப்பை ஒட்டினதே நான்தான்ப்பா. அது அதுக்கு முந்தின வாரம் நான் உள்ளே போட்ட நோட்டு.”

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மகள் நாற்காலியிலிருந்து அவசரமாக இறங்கினாள்.

“ஓவர்டைம் நின்னதிலிருந்து ஒன்பது வாரம் பெட்டியிலிருந்தே எடுத்து எடுத்துத்தான் அம்மா தன் பங்கைப் போட்டிருக்கா. பெட்டியைத் திறக்கிற அன்னைக்குப் பணம் குறைஞ்சா என் முகத்தை எப்படிப் பார்ப்பா? இதோட அம்மாவோட ஆறு வாரத்துப் பங்கை நான் போட்டுட்டேன். இன்னும் மூணு வாரம் என்னை ஊதாரின்னே திட்டிக்கிட்டிருக்கட்டும்ப்பா.”