வெள்ளைக்கல் சாயும் பக்கம்

உடைந்த முனைகள் பொருந்தவில்லை.

அவள் இன்னொரு தரம் வைத்துப் பார்த்தாள். மூன்று மாதத்துக்கு முன்னால், தங்கம் தேடிப் போட்ட முதல் துளையிலிருந்து எடுத்த கல். உலக்கைப் பருமனில் துண்டு துண்டாகப் பெட்டியில் கிடந்தது. ஒரு துண்டின் குறுக்கே பால் நிறத்தில் குவார்ட்ஸ் என்னும் வெள்ளைக்கல்லின் ரேகை சாய்ந்து ஓடியது. அதில் தங்கம் கண்ணுக்கே தெரிந்தது. அன்று முகாமே கேசரி கிண்டித் தின்றது.

ரேகை கிழக்கே சாய்கிறது என்று சொன்னவள், முகாமின் நிலவியலாளரான அவள்தான். கிழக்கே இரண்டு துளை போட்டார்கள்.

தங்கமாவது, மண்ணாங்கட்டியாவது! வெறும் கருங்கல்.

இன்று முகாமை மூடுகிறார்கள். வெளியே லாரியில் குழாய்கள் ஏறிக்கொண்டிருந்தன. 'ரேகை ஆழத்தில் அற்றுப்போய்விட்டது' என்ற அவளுடைய அறிக்கை அதிகாரியின் பையில் இருந்தது. பழி கல்லின் தலையில்.

பெட்டியை மூடுமுன் சும்மாதான் பொருத்திப் பார்த்தாள்.

இப்போது ரேகை ஓடிய துண்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்தாள்.

கச்சிதமாகப் பொருந்தியது.

அடக் கடவுளே.

கீழ்ப்பக்கம் இதுதான் என்று துண்டின் மேல் சிவப்பு அம்புக்குறி. அவள் கையால் போட்டது; அதை வைத்துத்தான் சாய்வைக் கணித்திருந்தாள். மழையில், அவசரத்தில், மேலும் கீழும் மாறிப்போயிருக்கிறது. அப்படியானால் ரேகை மேற்கே அல்லவா சாய்கிறது! இத்தனை நாளும் தங்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துளை போட்டிருக்கிறார்கள்.

வாயை மூடிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால் வேலை போனாலும் போகும்.

கூடவே, வெட்கங்கெட்ட ஒரு சந்தோஷம். ரேகை அற்றுப்போகவில்லை.

துளை போடும் எத்திராஜ் எட்டிப் பார்த்தார். "இன்னா மேடம், பொட்டிய ஏத்திடலாமா?"

"வேணாம்ண்ணே."

அந்தத் துண்டையும் அதன் மேலும் கீழும் பொருந்திய இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். அதிகாரி ஜீப்பில் ஒரு காலை வைத்துவிட்டிருந்தார்.

"சார், தப்பு கல்லு மேல இல்ல. என் மேலதான்."

ஜீப்பின் முன்மூடி மேல் வைத்து, பொருத்திக் காட்டினாள். அம்புக்குறியைக் காட்டினாள். பின்னால் வந்து நின்ற எத்திராஜின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை. அந்த இரண்டு துளையும் அவர் வெயிலில் வெந்து போட்டவை.

அதிகாரி விரலை நாக்கில் தொட்டு, வெள்ளை ரேகையின் மேல் தேய்த்துப் பார்த்தார். மேற்கே மலைச்சரிவைப் பார்த்தார்.

"லாரிக்குக் கயிறு கட்டியாச்சா?" என்றார்.

எத்திராஜ் கயிற்றை அவிழ்க்கப் போய்விட்டார்.