மீசையில் ஒரு பருக்கை

“இரக்கப்படுகிறவனுக்கு ஆய்வுக்கூடத்தில் இடமில்லை. நாளையிலிருந்து வராதே,” என்றார் டாக்டர் எட்மண்ட்.

எலிக்கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் தயாளன் திகைத்தான். “இன்னா சார் இது? எலிக்கு நான் ஏன் கஞ்சி ஊட்டப்போறேன்? எம் புள்ளைக்கே பொண்டாட்டிதான் ஊட்டுது.”

“அப்படியானால் எலியின் மீசையில் பருக்கை எப்படி வந்தது?”

தயாளன் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான்.

பக்கத்து மேசையில் ஆராய்ச்சி மாணவி சுந்தரவல்லி தன் குறிப்பேட்டைப் புரட்டினாள். எலியின் தோலுக்கடியில் பஞ்சுருண்டையை வைத்துத் தைத்தால், அதைச் சுற்றிச் சதை வீங்கி முடிச்சாகும். சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுத்த இரத்தக்கொதிப்பு மருந்து அந்த முடிச்சை என்ன செய்கிறது என்பதே அவளுடைய ஆராய்ச்சி.

மருந்தேறிய எலிகள் இமை சரிந்து, தீனியைத் தொடாமல் கிடக்கும். தாமாகத் தின்றால் தின்னட்டும், ஊட்டினால் முடிச்சின் அளவு மாறிவிடும், யாரும் ஊட்டக் கூடாது என்பது டாக்டரின் கட்டளை. இப்போதோ, ஒரே அளவு மருந்து பெற்றும் ஓர் எலிக்கு முடிச்சு கடுகளவு, இன்னொன்றுக்குப் பட்டாணியளவு. எது மருந்தின் வேலை, எது கஞ்சியின் வேலை? அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. கூண்டுகளுக்குத் தண்ணீர் வைக்க ஆளில்லையே என்று, தயாளனின் சாவியோடு சிட்லபாக்கத்திலிருந்து தாம்பரம் வந்தாள்.

கதவு திறந்தே கிடந்தது.

ஞாயிறு ஆராதனைக்குத் தவறாத டாக்டர் எட்மண்ட், சலவை மடிப்புக் கலையாத உடுப்போடு தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஓர் எலி. கையில் பேனாவுக்கு மை நிரப்பும் பில்லர், அதற்குள் கஞ்சி.

“சார், நீங்களா?”

“மெதுவாகப் பேசம்மா. இப்போதுதான் வாயைத் திறந்திருக்கிறது.”

“பாவம், தயாளனை...”

“நேற்று அவன் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இன்று சர்ச்சிலும் உட்கார முடியவில்லை. இதை முடித்துவிட்டு அவன் வீட்டுக்குத்தான் போகிறேன். மன்னிப்புக் கேட்டு, கையோடு கூட்டி வர வேண்டும்.”

“நம் ஆராய்ச்சியை நீங்களே கெடுக்கலாமா, சார்? ஊட்டக் கூடாது என்று சொன்னவரே நீங்கள்தானே?”

டாக்டர் கைக்குட்டையை எடுத்து எலியின் மீசையைத் துடைத்தார். இந்த முறை பருக்கை எதுவும் மிஞ்சவில்லை.

“இதே மருந்தை நானும் மாத்திரையாக விழுங்குகிறேன், அம்மா. இன்று காலை என் மனைவி ஊட்டித்தான் அனுப்பினாள்.”