வெட்டு மேசை

ஒரே கோட்டுக்கு இரண்டு இடது கை வெட்டிவிட்டார் கட்டிங் மாஸ்டர்.

இந்த மாதத்தில் மூன்றாவது தப்பு. மதியத்துக்கு மேல் நெஞ்செரிச்சல் கிளம்பினால் அவருக்குக் கை ஓரிடம், கவனம் ஓரிடம்.

முதலாளி சுருக்கமாகச் சொன்னார். "இன்னொண்ணு கெட்டா கத்தரியை வச்சிட்டுக் கிளம்பிடுங்க மாஸ்டர்."

மறுநாள் மதியம் சாப்பிட்டு, கை கழுவி, வழக்கம்போல வெட்டு மேசைமேல் கட்டையைச் சாய்க்க வந்தார். மேசைமேல் பட்டன் உட்கார்ந்திருந்தாள். பட்டன் தைக்கிறவள், அதுவே பேராகிவிட்டது. முட்டியை மடக்கி, குதிகால்மேல் உட்கார்ந்து, முதுகை ஸ்கேல் மாதிரி நிமிர்த்தியிருந்தாள்.

"இறங்கு. அது துணிக்குப் போட்ட மேசை."

"தினம் நீங்க படுக்கறீங்களே. நீங்க என்ன துணியா?"

"நான் மாஸ்டர்."

"இது வஜ்ராசனம். சாப்பிட்டதும் இப்படி உட்கார்ந்தா நல்லா செரிக்கும்."

"செரிக்கலைன்னா வீட்டுல போய் உட்காரு."

"வீட்டுல இவ்வளவு பெரிய மேசை இல்லை மாஸ்டர்."

டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்த தையல்காரர்கள் சிரித்தார்கள். மாஸ்டருக்குச் சுருக்கென்றது. முதலாளியிடம் போனார்.

"சாப்பாட்டு நேரம் அவங்கவங்க இஷ்டம்" என்று கைவிரித்துவிட்டார் முதலாளி.

சரி. செருப்பைக் கழற்றினார். மேசையின் மறுமுனையில் ஏறி, காலை மடக்கினார்.

"பத்து நிமிஷம் தாங்குவீங்களா?"

"நீ இறங்காம நான் இறங்க மாட்டேன்."

மணி அடிக்கிறவரை இரண்டு பேரும் இறங்கவில்லை. மாஸ்டருக்குக் கால் மரத்து, சுவரைப் பிடித்துத்தான் நடந்தார். மறுநாளும் ஏறினார். இரண்டு மாதம், ஒரு நாள் விடாமல், முறைத்துக்கொண்டே உட்கார்ந்தார்கள்.

ஒரு சாயங்காலம் மருந்துக்கடைக்காரர் மடக்கினார். "என்ன மாஸ்டர், எரிச்சல் மருந்துக்கு ஆளையே காணோம்?"

அப்போதுதான் மாஸ்டருக்கே உறைத்தது. "எரிச்சல் இல்லையே."

"சாப்பிட்டதும் படுக்காதீங்கன்னு ரெண்டு வருஷமா கத்துறேன், கேட்டீங்களா? அந்தம்மா மேசையைப் பிடிச்சதும் வழிக்கு வந்துட்டீங்க."

"எந்த அம்மா?"

"முட்டித் தேய்மானத்துக்கு வாராவாரம் தைலம் வாங்குறாங்களே, உங்க கடையில பட்டன் தைக்கிறவங்க. காலை மடக்கவே கூடாதுன்னேன். 'நான் எழுந்தா அவர் படுத்துடுவாரு, வேலை போயிடும்'னுட்டுப் போயிட்டாங்க."



மறுநாள் மதியம் மாஸ்டர் முந்திக்கொண்டு மேசையின் நட்டநடுவில் ஏறிவிட்டார். பக்கத்தில் ஒரு ஸ்டூல்.

"நீ அதுல உட்காரு."

"மேசை?"

"மேசை மாஸ்டருது. காலை நீட்டி உட்காரு."

பட்டன் உட்கார்ந்தாள். முதலாளி எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு மாசமா ஒரு தப்பு இல்லையே மாஸ்டர். எந்த டாக்டர்?"

மாஸ்டர் முதுகை வளைக்கவில்லை. முகவாயால் ஸ்டூலைக் காட்டினார்.

"பட்டன்."